மூன்று முறை முடி சூடிய சதுரங்க மன்னர்

ரஷியாவில் ஒரு சதுரங்க மன்னர் இருந்தார். அவர் பெயர் மிகயில் போட்வின்னிக்.

அவர் மூன்று முறை உலக சாம்பியன் ஆனவர். 1948-ம் ஆண்டு முதல் 1963-ம் ஆண்டு வரை உள்ள 15 ஆண்டுகளில், ஏறத்தாழ 13 ஆண்டுகள் உலகப் பட்டம் அவர் கையிலேயே இருந்தது.

ஆனால், இதில் ஒரு விந்தை!

பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் ஆடிய பந்தயங்கள் ஐந்து. அந்த ஐந்தில் ஒன்றில்கூட அவர் ஜெயிக்கவில்லை. இரண்டு பந்தயங்கள் சமமாக முடிந்தன. மூன்றில் தோற்றுப் போனார்.

ஒரு முறைகூட எதிரியை வென்று பட்டத்தைக் காக்காதவர் இத்தனை ஆண்டுகள் சாம்பியனாக இருந்தது எப்படி? சட்டம் அவருக்குத் துணை நின்றது என்பது ஒரு சாராரின் பதில். உழைப்புதான் காரணம் என்பது மறு சாராரின் பதில்.

வினா-விடைப் போட்டியானாலும் சரி, மல்யுத்தமானாலும் சரி, நெடுநாள் சாம்பியனைப் பார்த்து ஊரார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இவர் திறமையால் நிற்கிறாரா, சலுகையால் நிற்கிறாரா என்பதே அது. அந்தக் கேள்விக்கு போட்வின்னிக்கின் வாழ்க்கையை விடப் பொருத்தமான கதை கிடைப்பது அரிது.

வீட்டில் செய்த காய்கள்

1911-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி, குவோக்கலா என்ற ஊரில் போட்வின்னிக் பிறந்தார். அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அருகே உள்ள கடற்கரை ஊர். அந்த நகரம் பின்னர் லெனின்கிராடு என்று பெயர் மாறியது. இப்போது மீண்டும் பழைய பெயரே வழங்குகிறது.

தாயார் பல் டாக்டர். தந்தை பல் கட்டும் தொழில் செய்தவர். பையன் சிறுவனாக இருக்கும்போதே தந்தை குடும்பத்தைப் பிரிந்து போய்விட்டார். தாயாரின் பராமரிப்பில் அவன் வளர்ந்தான்.

12-வது வயதில்தான் அவன் சதுரங்கம் கற்றுக்கொண்டான். அண்ணனின் பள்ளித் தோழன் ஒருவன் சொல்லிக் கொடுத்தான். கடையில் வாங்கிய காய்கள் அல்ல, வீட்டிலேயே செய்த காய்கள்!

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1925-ம் ஆண்டு, அப்போதைய உலக சாம்பியன் கபபிளாங்கா ரஷியாவுக்கு வந்தார். கியூபா நாட்டைச் சேர்ந்த அவர், லெனின்கிராடு நகரில் ஒரே நேரத்தில் பலருடன் ஆடிக் காட்டினார். அந்த வரிசையில் 14 வயது போட்வின்னிக்கும் உட்கார்ந்திருந்தான்.

உலக சாம்பியன் அந்தப் பையனிடம் தோற்றார்!

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1931-ம் ஆண்டு, 20 வயது நிரம்பிய சமயத்தில், போட்வின்னிக் சோவியத் நாட்டின் சாம்பியன் ஆனார். மொத்தம் ஆறு முறை அந்தப் பட்டத்தை வென்றார். 1936-ம் ஆண்டு இங்கிலாந்தில் உள்ள நாட்டிங்காம் நகரில் பெரிய போட்டி நடந்தது. அதில் கபபிளாங்காவுடன் சேர்ந்து முதல் இடத்தைப் பகிர்ந்து கொண்டார்.

இத்தனைக்கும் சதுரங்கம் மட்டுமே அவர் தொழில் அல்ல. அவர் மின்சார என்ஜினீயர். வேலையையும் விடவில்லை, ஆராய்ச்சியையும் விடவில்லை. பின்னாளில் டாக்டர் பட்டமும் பெற்றார். நடனக் கலைஞரான கயானேயை 1935-ம் ஆண்டு மணந்தார்.

வாசலில் காத்திருந்தவர்

அந்தக் காலத்தில் உலக சாம்பியனோடு மோதுவது எளிதான காரியம் அல்ல. திறமை இருந்தால் மட்டும் போதாது. சாம்பியன் சம்மதிக்க வேண்டும். பரிசுப் பணமும் திரட்ட வேண்டும்.

1922-ம் ஆண்டு கபபிளாங்கா சாம்பியனாக இருந்தபோது சில நிபந்தனைகள் வகுக்கப்பட்டன. சவால் விடுகிறவர் 10 ஆயிரம் டாலர் பரிசுத் தொகைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அன்று அது மிகப் பெரிய தொகை.

1927-ம் ஆண்டு அலெகின் என்பவர் கபபிளாங்காவை வென்று பட்டத்தைப் பிடித்தார். இப்போது நிலைமை தலைகீழாக மாறியது. கபபிளாங்கா மீண்டும் ஒரு பந்தயம் கேட்டார். ஆண்டுக் கணக்கில் பேச்சு நடந்தது. பந்தயம் மட்டும் நடக்கவே இல்லை. 1942-ம் ஆண்டு கபபிளாங்கா அந்த ஏக்கத்தோடே கண்ணை மூடினார்.

போட்வின்னிக்குக்கும் இதே வாசலில் காத்திருக்கும் நிலை வந்தது. 1938-ம் ஆண்டு அலெகினுக்கு அவர் சவால் விட்டார். பேச்சு தொடங்கியது. அதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டது.

கண் பார்வை குறைவாக இருந்ததால் போட்வின்னிக் போர் முனைக்குச் செல்லவில்லை. மனைவி பணியாற்றிய நாடகக் குழு பெர்ம் நகருக்கு மாற்றப்பட்டபோது, அவரும் அங்கே போனார். மின்சார வேலையைக் கவனித்தபடியே சதுரங்க ஆராய்ச்சியும் செய்தார்.

போர் முடிந்தது. பேச்சு மீண்டும் தொடங்கியது. பந்தயம் கைகூடும் நேரத்தில், 1946-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி, போர்ச்சுக்கல் நாட்டில் அலெகின் இறந்து போனார். சாம்பியனாகவே இறந்ததால் உலகப் பட்டம் ஆள் இல்லாமல் கிடந்தது.

எட்டு ஆண்டுகள் காத்திருந்தும் போட்வின்னிக்கால் அலெகினுடன் பட்டத்துக்காக ஒரு ஆட்டம்கூட ஆட முடியவில்லை. சாம்பியன் கையில் எல்லா அதிகாரமும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் அனுபவித்தே தெரிந்துகொண்டார்.

முதல் முடி

உலக சதுரங்க சம்மேளனம் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. 1948-ம் ஆண்டு, ஐந்து பேர் கலந்துகொண்ட போட்டியை நடத்தியது. முதல் பகுதி ஹாலந்து நாட்டின் ஹேக் நகரிலும், மீதிப் பகுதி மாஸ்கோவிலும் நடந்தன. ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருடனும் ஐந்து ஆட்டம் ஆட வேண்டும்.

சதுரங்கத்தில் ஜெயித்தால் ஒரு புள்ளி. வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தால் ஆளுக்கு அரைப் புள்ளி. இதைத்தான் டிரா என்பார்கள்.

போட்வின்னிக் 20 ஆட்டங்களில் 14 புள்ளிகள் எடுத்தார். இரண்டாவதாக வந்த ஸ்மிஸ்லாவுக்கு 11 புள்ளிகளே கிடைத்தன. நான்கு எதிரிகளில் ஒருவர்கூட போட்வின்னிக்கை விட அதிகமாகப் புள்ளி எடுக்க முடியவில்லை. இந்த வெற்றியில் குறை சொல்ல யாருக்கும் இடம் இல்லை.

சம்மேளனம் புதிய முறையையும் கொண்டுவந்தது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சாம்பியன் கட்டாயம் ஆட வேண்டும். சவால் விடுகிறவரைத் தேர்வுப் போட்டிகள் முடிவு செய்யும். பணமும் தேவை இல்லை, சாம்பியனின் சம்மதமும் தேவை இல்லை. பழைய முறையை விட இது எவ்வளவோ நியாயமானது.

ஆனாலும் சாம்பியனுக்கு ஒரு பெரிய சலுகை இருந்தது. 24 ஆட்டங்களும் முடிந்து இருவரும் 12 - 12 என்று சமமாக நின்றால், பட்டம் பழைய சாம்பியனிடமே இருக்கும்.

அரைப் புள்ளி தூரம்

1951-ம் ஆண்டு முதல் சவால் வந்தது. எதிரியின் பெயர் டேவிட் பிரான்ஸ்டீன். வயது 27.

அந்த மேடைக்கு வருவதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. சுவீடனில் 19 ஆட்டங்கள். புடாபெஸ்ட் நகரில் 18 ஆட்டங்கள். அங்கே முதல் இடத்தில் இருவர் சமமாக நின்றதால், பொலெஸ்லாவ்ஸ்கி என்பவருடன் மேலும் 14 ஆட்டங்கள். ஆக 51 ஆட்டங்களைத் தாண்டித்தான் சாம்பியன் எதிரே அவர் உட்கார்ந்தார்.

சாம்பியனோ அந்த மூன்று ஆண்டுகளில் ஒரு போட்டியிலும் கலந்துகொள்ளவில்லை. டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சியில் மூழ்கி இருந்தார்.

ஒருவருக்கு 51 படிகள். இன்னொருவருக்கு நேரே மாடியில் நாற்காலி. இது சலுகை இல்லையா என்று கேட்கத் தோன்றும். ஆனால், பழகாத கத்தி துருப்பிடிக்கும் என்பதும் உண்மை. பந்தயத்தில் போட்வின்னிக் தடுமாறினார். அவர் ஆட்டத்தில் பழைய கூர்மை இல்லை.

22 ஆட்டங்கள் முடிந்தபோது பிரான்ஸ்டீன் 11½ புள்ளி, சாம்பியன் 10½ புள்ளி. மீதி இரண்டே ஆட்டங்கள். இரண்டையும் டிரா செய்தால் பிரான்ஸ்டீன்தான் உலக சாம்பியன்!

23-வது ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டுப் பிறகு தொடர்ந்தது. இடைப்பட்ட நேரத்தில் போட்வின்னிக் அந்த நிலையை அலசி ஆராய்ந்தார். ஆட்டத்தை வென்றார். கடைசி ஆட்டம் டிரா. முடிவு 12 - 12.

சட்டப்படி பட்டம் போட்வின்னிக்கிடமே இருந்தது. பிரான்ஸ்டீன் அரைப் புள்ளியில் உலகப் பட்டத்தை இழந்தார். வாழ்நாளில் மறுபடியும் அந்த மேடைக்கு அவர் வரவே இல்லை.

1954-ம் ஆண்டும் இதே கதைதான். இந்த முறை எதிரி ஸ்மிஸ்லாவ். முடிவு அதே 12 - 12. பட்டம் அதே கையில்!

மறு பந்தயம்

ஸ்மிஸ்லாவ் அமைதியான மனிதர். நன்றாகப் பாடக் கூடியவர். இசை நாடகப் பாடகராக வேண்டும் என்றுகூட முயன்றவர். அவர் சோர்ந்து போகவில்லை. மீண்டும் தேர்வுப் போட்டியில் ஜெயித்து, 1957-ம் ஆண்டு திரும்பி வந்தார்.

இந்த முறை சமம் இல்லை. 12½ - 9½ என்று தெளிவாக வென்றார். புதிய சாம்பியன் பிறந்தார்.

ஆனால், அப்போது இன்னொரு சட்டமும் அமலில் இருந்தது. தோற்ற சாம்பியன் விரும்பினால், ஓர் ஆண்டுக்குள் மறு பந்தயம் கேட்கலாம். எந்தத் தேர்வுப் போட்டியும் ஆட வேண்டாம். நேரே பட்டத்துக்கு மோதலாம்.

தோற்ற சாம்பியனுக்கு ஒரு வாய்ப்புக்கூட இல்லாமல் போவது சரியல்ல என்று நினைத்தவர்கள் உண்டு. கபபிளாங்காவின் ஏக்கம் அவர்கள் மனத்தில் இருந்தது. ஆனால், அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சவால் விட்டவர் பட்டத்தை நிலைநிறுத்த இரண்டு முறை ஜெயிக்க வேண்டும். பழைய சாம்பியன் இரண்டில் ஒன்றை ஜெயித்தால் போதும்!

போட்வின்னிக் மறு பந்தயம் கேட்டார். 1958-ம் ஆண்டு பந்தயம் தொடங்கியது. முதல் மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்து வென்றார். 12½ - 10½ என்ற கணக்கில் பட்டத்தைத் திரும்பப் பிடித்தார். ஸ்மிஸ்லாவின் ஆட்சி ஓர் ஆண்டுதான்.

புயலும் மலையும்

1960-ம் ஆண்டு, லாட்வியாவின் ரீகா நகரில் இருந்து ஓர் இளைஞர் வந்தார். பெயர் மிகயில் டால். வயது 23. காய்களை அள்ளிக் கொடுத்து ராஜாவை வேட்டையாடுவது அவர் பாணி. அடுத்து என்ன செய்வார் என்று எதிரிக்கும் புரியாது, பார்ப்பவர்களுக்கும் புரியாது.

அந்தப் புயலில் போட்வின்னிக் சாய்ந்தார். 12½ - 8½ என்று டால் வென்றார். அதுவரை உலகம் கண்ட சாம்பியன்களில் அவரே வயதில் இளையவர்.

போட்வின்னிக்குக்கு 50 வயது நெருங்கிக் கொண்டிருந்தது. எதிரிக்கு அவர் வயதில் பாதிகூட இல்லை. இனி வீட்டில் ஓய்வு எடுப்பார் என்று பலரும் எண்ணினார்கள்.

அவரோ மீண்டும் மறு பந்தயம் கேட்டார்!

அதற்கு அவர் தயாரான விதம்தான் முக்கியம். டாலின் ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். தம்முடைய தவறுகளையும் இரக்கம் இல்லாமல் கணக்கெடுத்தார். காய்கள் நெருக்கமாக நிற்கும் நிலையிலும், ராணிகள் வெட்டுப்பட்ட பிறகும் டாலின் வேகம் குறைகிறது என்று கண்டார். அப்படிப்பட்ட நிலைகளுக்கே ஆட்டத்தை இழுத்துச் செல்வது என்று முடிவு செய்தார்.

பயிற்சியில் அவருக்கு நிகர் அவரே. சிகரெட் புகை என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் எதிரிகள் புகைப்பார்களே! அதனால், பயிற்சி ஆட்டத்தில் தம் முகத்தில் புகை விடும்படி நண்பர் ரகோசினைக் கேட்டுக்கொண்டவர் அவர்.

1961-ம் ஆண்டு மறு பந்தயம் நடந்தது. டாலுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தது. பந்தயத்தை ஒத்தி வைக்கலாமா என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் டால் ஆடுவது என்று தீர்மானித்துவிட்டார்.

21 ஆட்டங்களில் போட்வின்னிக் பத்து ஆட்டங்களை வென்றார். டால் ஐந்து வென்றார். மீதி ஆறும் டிரா. 13 - 8 என்ற கணக்கில், 49 வயதில், மூன்றாவது முறையாக அவர் முடி சூடினார். டாலின் ஆட்சியும் ஓர் ஆண்டோடு முடிந்தது.

உரிமை போயிற்று

இதற்குள் மறு பந்தயச் சட்டத்தின் மேல் எதிர்ப்பு வலுத்துவிட்டது. சம்மேளனம் அந்தச் சட்டத்தை நீக்கியது. இது போட்வின்னிக்குக்குப் பிடிக்கவில்லை.

1963-ம் ஆண்டு ஆர்மீனிய இனத்தைச் சேர்ந்த பெட்ரோசியன் வந்தார். வயது 33. 12½ - 9½ என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். போட்வின்னிக்குக்கு வயது 51. இந்த முறை திரும்பி வர நேர் வழி இல்லை. தேர்வுப் போட்டியில் ஆட இடம் இருந்தும், அவர் அதற்குப் போகவில்லை. பட்டப் போட்டியில் இருந்தே விலகிக்கொண்டார்.

1970-ம் ஆண்டு ஆட்டத்தையும் நிறுத்தினார். அதன் பிறகு, மனிதனைப் போல சிந்தித்துச் சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டர் திட்டத்தில் பல ஆண்டுகள் உழைத்தார். இளைஞர்களுக்குப் பள்ளி நடத்தினார். அவரிடம் பாடம் கேட்ட கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவருமே உலக சாம்பியன் ஆனார்கள்.

1995-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி, மாஸ்கோவில் போட்வின்னிக் காலமானார். அப்போது அவருக்கு வயது 83.

கணக்குப் பார்த்தால்...

போட்வின்னிக்கும் ஸ்மிஸ்லாவும் பட்டத்துக்காக மூன்று பந்தயங்களில் மோதினார்கள். மொத்தம் 69 ஆட்டங்கள். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால் ஸ்மிஸ்லாவ் 35, போட்வின்னிக் 34. ஒரு புள்ளி அதிகம் எடுத்தவருக்கு ஓர் ஆண்டுப் பட்டம். குறைவாக எடுத்தவர் சரித்திரத்தில் நெடுநாள் சாம்பியன்! சட்டம் யார் பக்கம் இருந்தது என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பின்னாளில் மறு பந்தய உரிமை வேறு சிலருக்கும் கிடைத்தது. 1986-ம் ஆண்டு கார்ப்போவ், காஸ்பரோவுடன் மறு பந்தயம் ஆடினார். தோற்றார். 2008-ம் ஆண்டு கிராம்னிக், சென்னையைச் சேர்ந்த விஸ்வநாதன் ஆனந்துடன் அதே போன்ற உரிமையில் ஆடினார். அவரும் 6½ - 4½ என்று தோற்றார்.

ஆகவே, சட்டம் கதவைத் திறந்துவிட்டது உண்மை. உள்ளே போய் ஜெயித்தது போட்வின்னிக்கின் உழைப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நியாயம். அவர் வெற்றி போலி அல்ல. ஆனால் ஸ்மிஸ்லாவுக்கும் டாலுக்கும் பிரான்ஸ்டீனுக்கும் அந்தக் கதவு இன்னொரு முறை தானாகத் திறக்கவில்லையே!

சாம்பியனுக்குக் கிடைக்கும் ஓய்வு எவ்வளவு பெரிய சலுகை என்பது நம் ஆனந்துக்கு நன்றாகத் தெரியும். 1997-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஹாலந்தில் ஒருவர் பின் ஒருவராக எதிரிகளை வென்று அவர் முதல்வராக வந்தார். அது முடிந்த சில நாட்களிலேயே, ஜனவரி 2-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் கார்ப்போவுடன் இறுதிப் பந்தயம். கார்ப்போவோ நேராக இறுதிப் பந்தயத்துக்கே வந்தவர். ஆறு ஆட்டங்களில் 3 - 3 என்று ஆனந்த் சமமாக நின்றார். பிறகு நடந்த இரண்டு விரைவு ஆட்டங்களில் பட்டத்தை இழந்தார்.

2013-ம் ஆண்டு வேறொரு காட்சி. சொந்த ஊரான சென்னையிலேயே ஆனந்த் தம் பட்டத்தை நார்வே நாட்டு கார்ல்சனிடம் இழந்தார். இப்போது மறு பந்தய உரிமை கிடையாது. ஆனந்த் அதைக் கேட்கவும் இல்லை. மற்றவர்களோடு வரிசையில் நின்றார். 2014-ம் ஆண்டு ரஷியாவில் நடந்த தேர்வுப் போட்டியில் முதல் இடம் பிடித்தார். கார்ல்சனுடன் மோதும் வாய்ப்பைத் தாமே சம்பாதித்துக் கொண்டார்.

அந்தப் பந்தயத்தில் ஆனந்த் தோற்றார். ஆனால், தேர்வுப் போட்டியில் ஜெயித்தே அவர் அந்த மேடைக்கு வந்தார்.